ஆறு மாசம் பைக்கை நிறுத்தி வைக்கணும், வாரா வாரம் ஸ்டார்ட் பண்ணா போதுமா?

கேள்வி, மே 6, இரவு 9:12

வேலை விஷயமா ஆறு மாசம் வெளியூர் போறேன். வண்டி எஃப்ஐ மாடல் (எஞ்சினுக்குப் பெட்ரோல இன்ஜெக்டர் பீச்சுற வகை), நாலு வருஷம் ஆச்சு. வீட்ல தம்பி இருக்கான், வாரத்துக்கு ஒருதடவ ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓடவிடுடான்னு சொல்லியிருக்கேன். மேல பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டிடுவேன். ஹெல்மெட், ஜாக்கெட், க்ளவுஸ், ஷூ எல்லாத்தையும் ஒரே பெட்டில அந்துருண்டை போட்டு பூட்டிடலாம்னு பிளான். இது போதும்ல அண்ணா?

மே 6, இரவு 10:05

போதாது தம்பி. நீங்க சொன்னதுல முக்கால்வாசி வண்டிக்குக் கெடுதல்.

முதல்ல அந்த அஞ்சு நிமிஷ ஸ்டார்ட். இத எல்லாரும் சொல்றாங்க, நல்ல எண்ணத்துலதான் சொல்றாங்க, ஆனா உள்ள நடக்குறது வேற. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி ஆவியா வெளிய வருது. எஞ்சின் நல்லா சூடேறி ஓடும்போது அது சைலன்சர் வழியா போயிடும், ஆயிலுக்குள்ள இறங்குனதும் சூட்டுல ஆவியாகி வெளியேறிடும். நின்ன எடத்துலயே அஞ்சு நிமிஷம் ஓட்டுனா ஆயில் அந்தச் சூட்டுக்கு வரவே வராது, தண்ணி உள்ளயே தங்கும், கூடவே சரியா எரியாத பெட்ரோலும் ஆயில்ல கலக்கும். சைலன்சருக்குள்ளயும் தண்ணி தேங்கி உள்பக்கமா துரு பிடிக்கும். வாரா வாரம் இத ஒரு தவணை மாதிரி செஞ்சா ஆறு மாசத்துல ஆயில் கேப்பைத் திறந்தா மோர் மாதிரி வெள்ளையா படிஞ்சிருக்கும்.

பேட்டரியும் சார்ஜ் ஆகாது. செல்ஃப் மோட்டார் ஒருதடவ இழுக்குற கரண்ட்டை ஐடிலிங்ல அஞ்சு நிமிஷத்துல திருப்பிக் கொடுக்க பைக் சார்ஜிங்குக்கு தெம்பு கிடையாது, ஹெட்லைட் வேற எப்பவும் எரியுற வண்டின்னா இன்னும் மோசம்.

உங்க தம்பிக்கு லைசென்ஸ் இருந்தா ரெண்டு வாரத்துக்கு ஒருதடவ ரோட்ல எடுத்துட்டுப் போய் அரை மணி நேரம் ஓட்டிட்டு வரச் சொல்லுங்க. அதுதான் நல்லது. அது முடியாதுன்னா தொடவே வேணாம், ஒழுங்கா தயார் பண்ணி நிறுத்திட்டுப் போங்க. ரெண்டுக்கும் நடுவுல இருக்குற அரைகுறை வேலைதான் வண்டியக் கெடுக்கும்.

மே 7, காலை 6:50

பேட்டரி பத்தி விரிவா.

நிறுத்துன வண்டியிலயும் கரண்ட் போயிட்டேதான் இருக்கும். கடிகாரம், அலாரம், ஜிபிஎஸ் ட்ராக்கர், ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) மெமரி எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சும். ஒண்ணுமே இணைக்காம தனியா வச்சாலும் லெட் ஆசிட் பேட்டரி (வழக்கமா வர்ற ஈய அமில வகை) தானா இறங்கும், வெயில் காலத்துல இன்னும் வேகமா இறங்கும். அப்படி இறங்கின நிலையில வாரக்கணக்குல கிடந்தா தகட்டுல சல்பேட் படிகம் கெட்டியாகிடும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது. பேட்டரி செத்துப்போச்சுன்னு தூக்கிப் போடுறதுல நிறைய இப்படி நின்னே செத்ததுதான்.

கழட்டும்போது மைனஸ் முதல்ல, பிளஸ் அப்புறம். மாட்டும்போது பிளஸ் முதல்ல, மைனஸ் கடைசி. ஏன்னா பிளஸ் முனையில ஸ்பானர் வச்சிருக்கும்போது அது ஃப்ரேம்ல பட்டாலும், மைனஸ் இணைப்பு இல்லன்னா ஷார்ட் ஆகாது.

ஒரு மல்டிமீட்டர் வாங்கி வச்சுக்கோங்க. சார்ஜ் போட்டு சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தா 12.6லருந்து 12.8 வோல்ட் காட்டணும். 12.4க்கு கீழ போனா சார்ஜ் போடுற நேரம். 12 வோல்ட்டுன்னா காலின்னு வச்சுக்கலாம். தம்பிகிட்ட ஸ்டார்ட் பண்ணச் சொல்றதுக்குப் பதிலா மாசம் ஒருதடவ இத அளந்து சார்ஜ் போடச் சொல்லுங்க, அது உண்மையான உதவி. பேட்டரி மெயின்டெய்னர்னு தானா நிறுத்தி தானா தொடங்குற சார்ஜர் வருது, அது இருந்தா மாட்டியே விட்டுடலாம். பழைய மாடல் சார்ஜர் நிக்காம ஏத்திக்கிட்டே இருக்கும், அத மாட்டிட்டு மறந்துட்டா பேட்டரித் தண்ணி வத்தி உள்ள வெந்துடும்.

மே 7, காலை 7:15

லித்தியம் பேட்டரி போட்டவங்களுக்கு மேல சொன்ன நம்பர் பொருந்தாது. பைக்ல வர்ற லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஃபுல்லா இருந்தா 13.3 வோல்ட் சுமாருக்கு நிக்கும். அதுல 12.8 காட்டுனா கிட்டத்தட்ட காலி. லெட் ஆசிட் கணக்குல பாத்து நல்லாத்தான் இருக்குன்னு விட்டுடாதீங்க. சார்ஜரும் லித்தியத்துக்குன்னு இருக்குறது வேணும், சல்பேட் நீக்குற மோட் இருக்குற சார்ஜர மாட்டவே கூடாது.

மே 7, இரவு 11:20

பெட்ரோல். ஃபுல் டேங்க் அடிச்சு நிறுத்துங்க. டேங்க்ல காலி இடம் இருந்தா அங்க காத்து இருக்கும், காத்துல ஈரம் இருக்கும், ராத்திரி குளிர்ல அது டேங்க் சுவர்ல வேர்த்து வழியும். இரும்பு டேங்க் உள்ள துரு பிடிக்கிறது பெரும்பாலும் மேல் பாதியில, பெட்ரோல் தொடாத எடத்துல. அந்தத் துருத்தூள் பம்ப் ஃபில்டருக்குப் போய் உக்காரும்.

எத்தனால் கலந்த பெட்ரோல்ல இன்னொரு தொல்லை. எத்தனால் தண்ணிய இழுத்துக்கும். ஒரு அளவுக்கு மேல இழுத்துட்டா தண்ணியும் எத்தனாலும் சேந்து பெட்ரோல விட்டுப் பிரிஞ்சு டேங்க் அடியில தங்கிடும், பம்ப் உறிஞ்சுறதும் அந்த அடியிலருந்துதான். இது போக பெட்ரோலும் நாளாக நாளாகக் கெடும், அதத் தள்ளிப் போடுற ஃப்யூயல் ஸ்டெபிலைசர்ங்கிற திரவத்தை ஊத்துறது நல்லது. அத டேங்க்ல ஊத்திட்டு அப்படியே நிறுத்தக்கூடாது, கொஞ்ச தூரம் ஓட்டணும், அப்பதான் கலந்த பெட்ரோல் இன்ஜெக்டர் வரைக்கும் போகும். வரிசை இதுதான்: ஊத்து, ஃபுல் பண்ணு, ஓட்டு, சூடா இருக்கும்போதே ஆயில் மாத்து, நிறுத்து.

ஆயில் ஏன் இப்பவே மாத்தணும், வந்து மாத்திக்கலாமேன்னு தோணும். ஓடுன ஆயில்ல அமிலமும் ஈரமும் கரியும் இருக்கும், அதுலயே பேரிங் எல்லாம் ஆறு மாசம் ஊறணுமா? புது ஆயில்ல ஊறட்டும்.

மே 8, மதியம் 1:30

தார்ப்பாய் வேணாம். தரையிலருந்து எழும்புற ஈரம் வெளிய போக வழியில்லாம உள்ளயே சுத்தி, காலையில வேர்த்து, ஸ்போக்ஸ், நட்டு போல்ட்டு, கிரோம் எல்லாத்துலயும் புள்ளி புள்ளியா துரு வரும். காத்து போற துணிக் கவர் போதும், வீட்டுக்குள்ளன்னா பழைய காட்டன் பெட்ஷீட்டே தாராளம். வண்டி நல்லா ஆறினப்புறம் மூடுங்க, கழுவுன வண்டின்னா காஞ்சப்புறம்.

மே 8, இரவு 9:45

இப்ப பெட்டி. இதப் படிச்சதும்தான் நான் பதில் எழுதவே உக்காந்தேன்.

ஹெல்மெட்டையும் அந்துருண்டையையும் ஒரே பெட்டில வைக்கவே வைக்காதீங்க. ஹெல்மெட் உள்ள இருக்குற வெள்ளை லைனர் இபிஎஸ், நம்ம தெர்மாகோல்னு சொல்றதுதான், அடி விழும்போது அது நசுங்கித்தான் நம்ம தலைக்கு வர்ற வேகத்தைக் குறைக்குது. அந்துருண்டையோட ஆவி அந்தப் பாலிஸ்டைரீனை இளக்கும். பூட்டுன பெட்டிக்குள்ள ஆறு மாசம். வெளிய பாத்தா பளபளன்னு இருக்கும், உள்ள என்ன ஆச்சுன்னு துணி லைனிங்கைக் கழட்டாம தெரியாது. தெரியாமலே தலைல போட்டுட்டு ஓட்டுவோம், அதான் எனக்கு பயம்.

அதே காரணத்துக்காக பெட்ரோல் கேன், தின்னர், பெயின்ட், செயின் கிளீனர் வைக்கிற அலமாரியிலயும் ஹெல்மெட் வேணாம். பாலிகார்பனேட் ஷெல்லுக்கும் இந்த ரசாயனம் எல்லாம் ஆகாது, கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும். வண்டி கண்ணாடி மேல கவுத்து மாட்டுற பழக்கம் இருந்தா அதையும் விட்டுடுங்க, கண்ணாடி முனை லைனர்ல ஒரே எடத்துல அழுத்திப் பள்ளம் போடும், பள்ளம் விழுந்தா அது திரும்ப எழும்பாது.

வைக்கிறதுக்கு முன்னாடி உள் துணி கழட்டுற மாதிரி இருந்தா கழட்டி பேபி ஷாம்பு போட்டுக் கையால துவைச்சு நிழல்ல காயப்போடுங்க. கழட்ட வராததுன்னா ஈரத்துணியால துடைச்சு ஃபேனுக்குக் கீழ வைங்க. வைசருக்கு அம்மோனியா இருக்குற கண்ணாடி கிளீனர் அடிக்காதீங்க, கோட்டிங் போகும். பூச்சிக் கறை காஞ்சு ஒட்டியிருந்தா தேய்க்காம ஈரத்துணிய பத்து நிமிஷம் அது மேல போட்டு வைங்க, ஊறி தானா வந்துடும், அப்புறம் மைக்ரோஃபைபர் துணி. எல்லாம் காஞ்சப்புறம் அதோட துணிப்பையில போட்டு, வைசரை லேசா திறந்து வச்சு, உயரமான காத்தோட்டமான அலமாரியில.

பூச்சி வராம இருக்கணும்னா ஜாக்கெட் பக்கம் வேப்பிலை காய வச்சுப் போடுங்க, ஹெல்மெட் பக்கம் அதுவும் தேவையில்ல.

மே 9, காலை 8:10

ஒருத்தர் எழுதியிருக்கார், அவங்க மாமா வருஷக்கணக்கா வாரா வாரம் ஸ்டார்ட் பண்ணித்தான் வச்சிருக்கார், வண்டி கல்லு மாதிரி இருக்குன்னு. இருக்கலாம், நான் மறுக்கல. இன்ஜெக்டருக்குப் பதிலா கார்புரேட்டர் இருக்குற பழைய வண்டில அதுக்கு ஒரு நியாயமும் இருக்கு, கார்புரேட்டர் கிண்ணத்துல கிடக்குற பெட்ரோல் கெட்டியாகி பைலட் ஜெட்டை (பெட்ரோல் போற சின்னத் துளை) அடைக்காம புதுசு வந்துட்டே இருக்கும். ஆனா அதுக்கு எஞ்சினையே வதைக்க வேணாம், பெட்ரோல் டேப்பை மூடிட்டு கிண்ணத்து அடியில இருக்குற ட்ரெயின் ஸ்க்ரூவத் திறந்து காலி பண்ணிட்டாலே முடிஞ்சுது. மாமா வண்டில ஆயில் எப்ப கடைசியா மாத்துனாங்கன்னு கேளுங்க, ரொம்ப அடிக்கடி மாத்துறவரா இருப்பாருன்னு நினைக்கிறேன். அதுதான் அந்த வண்டியக் காப்பாத்துது.

மே 9, இரவு 10:30

டயரும் செயினும்.

சென்டர் ஸ்டாண்ட் இருந்தா அதுல போடுங்க, சக்கரத்தைத் தரையில படாம தூக்கி நிறுத்துற பேடாக் ஸ்டாண்ட் முன்னும் பின்னும் இருந்தா இன்னும் நல்லது. சைடு ஸ்டாண்ட் மட்டும்தான்னா மேனுவல்ல இருக்குற காத்தளவை முழுசா ஏத்தி, ரெண்டு வாரத்துக்கு ஒருதடவ வண்டிய ஒரு சாண் நகத்தி விடச் சொல்லுங்க, டயர் ஒரே எடத்துல தட்டையாகாது. தம்பிக்குக் கொடுக்க இதுவும் ஒரு வேலை. டயருக்கு பாலிஷ் எதுவும் அடிக்காதீங்க, ஓட்டும்போது வழுக்கும். பக்கத்துல ஓடிட்டே இருக்குற மோட்டார், கம்ப்ரசர் இருந்தாலும் தள்ளி நிறுத்துங்க, மோட்டார் பொறிலருந்து வர்ற ஓசோன் ரப்பரை வெடிக்க வைக்கும்.

டயர் வயசு பக்கவாட்டுல நாலு இலக்கத்துல இருக்கும். 2319னா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம். கட்டை நல்லா இருக்கேன்னு பழைய டயர நம்பாதீங்க, ரப்பர் ஓடாமலே கெட்டியாகும்.

செயினை மண்ணெண்ணெய் இல்ல செயின் கிளீனர் போட்டு மெல்லிசு ப்ரஷால சுத்தம் பண்ணி, துடைச்சு, உள்பக்கமா செயின் லூப் (மசகு ஸ்ப்ரே) அடிச்சு வைங்க. பெட்ரோல் போட்டுத் தேய்க்காதீங்க, செயினுக்குள்ள இருக்குற ஓ ரிங்ங்கிற ரப்பர் வளையம் உப்பிக் கெடும், தீ ஆபத்து வேற. டபிள்யூடி 40 அடிச்சா போதும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அது ஈரத்தை விரட்ட நல்ல சாமான், அதுக்கு மேல லூப் அடிச்சே ஆகணும், அது தனியா விடுற படலம் மாசக்கணக்குக்குத் தாங்காது.

மே 10, காலை 7:00

எலி!

ஏர் ஃபில்டர் பெட்டி அதுகளுக்குத் தயாரா இருக்குற வீடு. வயர் கடிச்சா எந்த வயர்னு தேடியே உயிர் போயிடும். சைலன்சர் வாயையும் ஏர் இன்டேக்கையும் துணி சுருட்டி அடைச்சு, அடைச்சத ஞாபகம் வர்ற மாதிரி ஒரு சிவப்புத் துணிய ஆக்சிலேட்டர் பக்கம் கட்டி வைங்க. எஞ்சின் முழுசா ஆறினப்புறம் அடைங்க. சீட்டுக்கு அடியில எதையும் விட்டு வைக்காதீங்க, பிஸ்கட் துகள் இருந்தாலே போதும் அதுங்க வர.

மே 11, இரவு 9:00

ப்ரேக் ஆயில் கேட்டிருக்காங்க. டாட் 3, டாட் 4, டாட் 5.1னு டப்பாவுல போட்டிருக்குற ப்ரேக் ஆயில் ரகம் மூணும் காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சும், மூடியிருந்தாலும் ஹோஸ் வழியா கொஞ்சம் கொஞ்சமா. டாட் 4 புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரில கொதிக்கும், ஈரம் ஏறினப்புறம் அந்த அளவுகோல் 155க்கு இறங்கிடும். மலை இறக்கத்துல ப்ரேக் விடாம பிடிச்சு வரும்போது லீவர் திடீர்னு தொளதொளன்னு போறதுக்கு இதான் காரணம், ஆயில் கொதிச்சு ஆவிக்குமிழ் வந்துடும், ஆவிய அழுத்துனா ப்ரேக் பிடிக்காது. ரெண்டு வருஷம் ஆயிருந்தா நிறுத்துறதுக்கு முன்னாடியே மாத்திடுங்க, ஈரமான ஆயில் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பாகம்) உள்ளயும் அரிக்கும். டாட் 5 வேற, அது சிலிகான், மத்ததோட கலக்கக்கூடாது, பேர் 5.1 மாதிரி இருக்கேன்னு ஊத்திடாதீங்க. பெயின்ட் மேல சிந்துனா உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க, உரிச்சுடும்.

மே 12, மாலை 6:20

ஜாக்கெட். ரெண்டு வகை, ரெண்டுக்கும் வேற வேற கவனிப்பு.

லெதர்: ஈரத்துணியால வேர்வை உப்பைத் துடைச்சு, நிழல்ல காய வச்சு, லெதர் கண்டிஷனர் மெல்லிசா தடவி, தோள் பட்டையா இருக்குற ஹேங்கர்ல மாட்டி மேல காட்டன் துணி போடுங்க. கம்பி ஹேங்கர் தோள்ல கூம்பு விடும். பிளாஸ்டிக் கவர்ல போட்டா பூஞ்சை நிச்சயம். ஏற்கனவே பூஞ்சை வந்திருந்தா வீட்டுக்கு வெளிய கொண்டுபோய் ப்ரஷ் பண்ணிட்டு, வெள்ளை வினிகரைத் தண்ணில கலந்து துணியில நனைச்சுத் துடைச்சு காய விடுங்க, அப்புறம் கண்டிஷனர். நனைஞ்ச லெதரை வெயில்லயும் ஹீட்டர்லயும் வைக்கிறது கொலை, அட்டை மாதிரி விறைச்சுடும்.

டெக்ஸ்டைல்: துவைக்கிறதுக்கு முன்னாடி உள்ள இருக்குற பாதுகாப்பு பேட் எல்லாம் கழட்டுங்க, ஜிப் போடுங்க, வெல்க்ரோவை ஒட்டிடுங்க, இல்லன்னா அது துணிய நூல் நூலா இழுக்கும். வாட்டர்ப்ரூஃப் படலம் இருக்குற ஜாக்கெட்டுக்கு சோப்புத்தூளும் வேணாம், துணி மென்மையாக்குற கண்டிஷனர் சுத்தமா வேணாம், மேல்துணி தண்ணி ஒட்டாம உருட்டி விடுற தன்மையே போயிடும். அதுக்குன்னு இருக்குற திரவம் போடுங்க. துவைக்காமலே வச்சுக்கலாம்னு நினைக்காதீங்க, வேர்வையும் எண்ணெயும் படலத்தை அடைச்சா அது மூச்சு விடாது, உள்ள நனைஞ்ச மாதிரி இருக்கும், ஜாக்கெட் ஒழுகுதுன்னு திட்டுவோம். பேட்களை மடிக்காம தட்டையா வைங்க.

மே 12, மாலை 6:45

க்ளவுஸை விரல் நேரா இருக்குற மாதிரி காய வச்சு வைங்க, உருட்டி ஹெல்மெட்டுக்குள்ள திணிக்காதீங்க, வேர்வை வாடை லைனிங்குக்கு ஏறும்.

மே 14, இரவு 10:10

ஷூ பத்தி யாரும் கேக்கல, ஆனா சொல்லணும். நல்லா பாதுகாத்து வச்ச ரைடிங் பூட்ஸ் ஒரு ஜோடி, ரொம்ப நாள் கழிச்சுப் போட்டுக் கிளம்புனேன், பாதி வழியில காலை ஊனுறேன், அடிப்பாகம் கேக் மாதிரி பொடிஞ்சு கழண்டு ரோட்ல கிடக்கு. மேல லெதர் புதுசு மாதிரி. அப்புறம் தேடிப் படிச்சப்பதான் விளங்குச்சு, பாலியூரித்தேன் அடிப்பாகம் காத்து ஈரத்தோட சேந்து மெதுவா சிதையும், போடாம மூடி வச்சா இன்னும் சீக்கிரம். போட்டு நடந்துட்டு இருந்தா அதிக நாள் வரும். இத நிறுத்த முடியாது, தள்ளிப் போடத்தான் முடியும்: காய்ஞ்ச, காத்தோட்டமான எடம், உள்ள செய்தித்தாள் திணிச்சு ஈரம் எடுத்துட்டு வைக்கிறது, அப்பப்போ போட்டு நடக்குறது. திரும்ப எடுக்கும்போது கையால மடக்கிப் பாருங்க, விரிசல் தெரிஞ்சா போட்டுட்டு ஓட்ட வேணாம். கியர் போடும்போது அடி கழண்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

பெட்டில சிலிகா ஜெல் போடலாம். நிறம் மாறுற வகைன்னா நீலம் ரோஸ் ஆனா, ஆரஞ்சு பச்சை ஆனா, ஈரம் நிறைஞ்சுடுச்சுன்னு அர்த்தம். மின்சார ஓவன்ல 120 டிகிரி சுமாருக்கு சில மணி நேரம் காய வச்சா திரும்ப வேலை செய்யும். ரெண்டு குட்டிப் பொட்டலம் பெரிய பெட்டிக்குப் பத்தாது.

மே 15, காலை 7:40

பெட்ரோல் விஷயத்துல ரெண்டாவது யோசனை. ஃபுல் டேங்க்னு மேல எழுதினது இரும்பு டேங்க்கை மனசுல வச்சு. பிளாஸ்டிக் டேங்க் வண்டிக்கு துரு பயம் இல்ல, இருந்தாலும் எத்தனால் ஈரம் இழுக்குறது அங்கயும் உண்டு, அதனால காலி இடம் குறைவா இருக்குறதுதான் அதுக்கும் நல்லது. ஒரு வருஷத்துக்கு மேல நிறுத்துறதா இருந்தா என் யோசனை மாறும், அப்ப டேங்க்கை முழுசா வடிச்சு, உள்ள லேசா எண்ணெய்ப் பூச்சு கொடுத்து வைக்கிறதே மேல். ஃபுல் டேங்க்னு சொன்னத கழுத்து விளிம்பு வரை நிரப்புறதா எடுத்துக்காதீங்க, சூட்டுல விரியும், கழுத்துக்கு அடி வரைக்கும் போதும். வீட்டுக்குள்ள நிறுத்துறவங்க இத இன்னும் கவனமா பாக்கணும், அடுப்புக்குப் பக்கத்துல நிறுத்தவே கூடாது.

மே 15, இரவு 8:30

பேட்டரிய சிமெண்ட் தரையில வச்சா இறங்கிடும், பலகை மேலதான் வைக்கணுமான்னு கேட்டவருக்கு: பழைய காலத்துல பேட்டரிப் பெட்டி மரத்துலயும் கெட்டி ரப்பர்லயும் வந்தப்போ அதுல விஷயம் இருந்துச்சு. இப்ப வர்ற பிளாஸ்டிக் பெட்டிக்கு தரை ஒண்ணும் பண்ணாது. பலகைல வைக்கிறதுல தப்பில்ல, ஆனா அத வச்சுட்டு சார்ஜ் போடாம விடாதீங்க.

மே 18, இரவு 9:50

ஏற்கனவே நிறுத்தி வச்சுட்டு இப்ப எடுக்கப் போறேன்னு இன்னொருத்தர் கேட்டார். இதுல அவசரப்படாதீங்க, அன்னிக்கே லாங் ரைடு பிளான் போடாதீங்க.

சைலன்சர்ல அடைச்ச துணிய எடுங்க, ஏர் ஃபில்டர் பெட்டியத் திறந்து பாருங்க. தரையில எண்ணெய் சொட்டியிருக்கான்னு பாருங்க. ப்ரேக் லீவரைப் பிடிச்சு விட்டுட்டு வண்டியத் தள்ளிப் பாருங்க, சக்கரம் பிடிச்ச மாதிரி இழுத்தா காலிப்பர் பிஸ்டன் ஒட்டியிருக்கு, அதோட ஓட்டக்கூடாது. டிஸ்க் மேல லேசா செந்துரு இருந்தா பயப்பட வேணாம், மெதுவா ஓட்டி சிலதடவ ப்ரேக் பிடிச்சாலே தேய்ஞ்சு போயிடும். அதுக்குன்னு டிஸ்க்ல எந்த எண்ணெய் ஸ்ப்ரேயும் அடிச்சுடாதீங்க, உயிர் போற விஷயம் அது.

க்ளட்ச் பிளேட் ஒட்டியிருக்கலாம். எஞ்சின் ஆஃப்ல கியர் போட்டு, க்ளட்ச்சைப் பிடிச்சுட்டு முன்னும் பின்னும் ஆட்டுங்க, விட்டுடும். இதச் செய்யாம ஸ்டார்ட் பண்ணி கியர் போட்டா க்ளட்ச் பிடிச்சிருந்தாலும் வண்டி முன்னாடி பாயும்.

ஸ்டார்ட் ஆனதும் த்ராட்டில் முறுக்காதீங்க, ஆயில் மேல ஏறட்டும். ஹெட்லைட், இண்டிகேட்டர், முன் லீவர் பின் பெடல் ரெண்டுக்கும் ப்ரேக் லைட் எரியுதான்னு பாத்துட்டு பக்கத்துத் தெருவுலயே ஒரு சுத்து. வந்து வண்டி முழுசா ஆறினப்புறம் டயர் காத்தையும் செயின் தொய்வையும் இன்னொருதடவ அளங்க, ஆக்சில் நட்டையும் ஸ்பானர் வச்சுப் பாருங்க.